சின்னப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா, கலைவிழா, பிரியாவிடை

பள்ளிக்கூடம் சிறிதென்றால் செலவும் சிறிதாகத்தான் இருக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பஸ் வாடகை அப்படி இல்லை. ஐம்பது பிள்ளைகள் ஏறினாலும் அதே காசு, இருபத்தைந்து பேர் ஏறினாலும் அதே காசு. ஒலிபெருக்கிக்காரரும் பந்தல்காரரும் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக் கூலி சொல்வதில்லை. நான் படிப்பிப்பது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலை. முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை எல்லாரையும் கூட்டினாலும் இரண்டு பஸ் நிரம்பாது. எனவே எங்களுடைய சுற்றுலாக் கூட்டங்களில் "எங்கே போவது" என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். "மிச்ச இருக்கைக்கு யார் காசு கொடுப்பது" என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கு நாங்கள் பல வழி பார்த்திருக்கிறோம். மிச்ச இடத்தில் பெற்றோரை ஏற்றுவது எல்லாரும் செய்வது. காசுக் கணக்கு சரிவரும், ஆனால் சுற்றுலா மாறிவிடும். தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளை ரீச்சர் சொல்வதைக் கேட்காது. தாய் வராத பிள்ளை வழியெல்லாம் வாடிப்போயிருக்கும். பெற்றோர் வேண்டுமென்றால் உதவிக்கென இரண்டு மூன்று பேரை மட்டும் தெரிவு செய்து, அவர்களின் சொந்தப் பிள்ளை இல்லாத குழுவுக்குப் பொறுப்பாக விடுவது நல்லது. ரோசா மாதிரிச் சிறிய பஸ் கிட்டத்து இடங்களுக்குப் போதும். எல்லாவற்றிலும் சரியாக வந்தது பக்கத்துச் சின்னப் பாடசாலையோடு சேர்ந்து போவதுதான். செலவு பாதியாகும், பிள்ளைகளுக்கும் புதுச் சிநேகிதம் கிடைக்கும். ஒரே தொல்லை, இரண்டு அதிபர்மாரின் நாட்குறிப்பிலும் ஒரே நாள் வெறுமையாக இருக்க வேண்டும்.

காசு சேர்ப்பதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சுற்றுலாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மொத்தத் தொகையைக் கேட்டால் கூலி வேலைக்குப் போகும் வீடுகளுக்கு முடியாது. தவணை தொடங்கும்போதே சிறு சிறு தொகையாக, ஆளுக்கொரு உறையில் வாங்கத் தொடங்கினோம். எவ்வளவு கட்டியிருக்கிறது என்பது உறையின் மேல் எழுதப்படும். அதை ஆசிரியரும் அந்த வீட்டாரும் மட்டுமே பார்ப்பார்கள். வகுப்பில் பெயர் வாசித்து "இன்னும் கட்டாதவர்கள் எழும்புங்கோ" என்பது கூடவே கூடாது. அதற்குப் பயந்து அன்றைக்குப் பள்ளிக்கூடமே வராத பிள்ளைகள் உண்டு. ஒரு தாய் என்னிடம் நேரே கேட்டார்: "ரீச்சர், காசில்லையெண்டு என்ர பிள்ளைய விட்டிட்டுப் போவீங்களோ?" விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்பதை ஆரம்பக் கூட்டத்திலேயே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு தனித்தனியாகச் சொல்லப்போனால் அது பிச்சை கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

குறையும் காசைப் பெரும்பாலும் பழைய மாணவர்கள்தான் நிரப்புகிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருந்து ஒரு வட்ஸ்அப் செய்திக்கே காசு அனுப்பும் மனங்கள் இந்த ஊருக்கு நிறைய உண்டு. ஆனால் அனுப்பியவரின் பெயரையும் படத்தையும் பெரிய பதாகையில் அடித்து, அதன் கீழே பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கம் ஒன்று வளர்ந்துவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. வரவு செலவுக் கணக்கையும், பிள்ளைகள் கைப்பட எழுதிய கடிதத்தையும் அனுப்பினால் போதும் என்று அதிபரோடு கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். அதனால் யாரும் காசு அனுப்புவதை நிறுத்தவில்லை. கடிதம் கிடைத்தவர்கள் அடுத்த தவணையும் தாங்களாகவே கேட்டார்கள்.

இடத்துக்கு வருவோம். பெற்றோரைக் கேட்டால் கண்டி, நுவரெலியா என்பார்கள். அவர்கள் சிறுவயதில் யுத்த காலத்தில் எங்கும் போக முடியாமல் இருந்தவர்கள், அந்த ஆசை நியாயமானதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரைக்கும் ஏ9 வீதி 321 கிலோமீற்றர். இரவு புறப்பட்டால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறும் வரைக்கும் பஸ்ஸில் ஒரே பாட்டும் கூத்தும். வவுனியா தாண்டும்போது எல்லாரும் நித்திரை. மாத்தளைப் பக்கம் வளைவுகள் தொடங்க, முதலாவது பிள்ளை சத்தி எடுக்கும். ஒன்று எடுத்தால் வரிசையாக மற்றவர்களும் எடுப்பார்கள். பேராதனைப் பூங்காவுக்குள் நுழையும்போது பாதிப் பேர் முகம் வெளுத்துப்போய் எங்காவது புல்லில் சரிந்து படுக்கத்தான் இடம் தேடுவார்கள். அவ்வளவு பெரிய பூங்காவில் அவர்கள் நின்று பார்த்தது மரத்தில் தொங்கிய வௌவால்களைத்தான். நுவரெலியாவுக்கு ஏறும் இறம்பொடை வளைவுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பும் இடமே போதும் என்று இன்றைக்கு நான் எந்தக் கூட்டத்திலும் வாதாடுவேன். தூர இடம் போவதென்றால் ஒரு இரவாவது தங்க வேண்டும், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையசைவை வைத்துச் சமாளிக்க முடியாது. சத்தி எடுக்கும் பிள்ளைகளுக்குத் தேசிக்காய், சொப்பிங் பை, மாற்றுடுப்பு மூன்றும் முன் இருக்கைக்குக் கீழேயே இருக்கட்டும். பொதிகளோடு பின்னால் போட்டால் தேவைப்படும் நேரத்தில் கைக்கு வராது.

2022 இல் டீசல் கிடைக்காமல், பள்ளிக்கூடங்களே இடையிடையே மூடப்பட்டன. அந்த ஆண்டு பஸ் என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளைச் சும்மா விட மனமில்லாமல், நடந்து போகக்கூடிய இடமாகக் கந்தரோடைக்குப் போனோம். சுன்னாகத்துக்குக் கிட்ட, பனைகளுக்கு நடுவில், முருகைக்கல்லால் கட்டிய சின்னச் சின்னத் தாதுகோபங்கள் கூட்டமாக இருக்கும் இடம். எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த வீதியால் கடைக்குப் போய் வருகிறவர்கள், உள்ளே போனதில்லை. அங்கிருந்து வழுக்கையாற்றுப் பக்கம் நடந்தோம். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்கு, மழைக்காலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழும் ஓர் ஆறு தங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறது என்பது பெரிய புதினமாக இருந்தது. "அப்ப மிச்ச நாள் ஆறு எங்க போறது, ரீச்சர்?" என்ற கேள்வியிலிருந்து சுண்ணாம்புக்கல், நிலத்தடி நீர், கிணறு என்று சுற்றாடல் பாடம் ஒரு கிழமைக்கு நீண்டது. அதன் தொடர்ச்சியாகப் பிறகு ஒருமுறை நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் ஒரே நாளில் காட்டினோம். மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீருமாக இருக்கும் கிணறு ஒன்று, கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கேணி ஒன்று. இரண்டையும் ஒருநாளில் பார்த்த பிள்ளைக்கு நிலத்தடி நீரைப் பற்றிப் படம் கீறி விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

நகரத்தில் ஒரு நாள் என்றால் கோட்டையையும் பொது நூலகத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டும் நடந்து போகும் தூரம். போர்த்துக்கீசர் கட்டிய கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்துப் பிறகு ஐங்கோணமாகப் பெருப்பித்தார்கள் என்று சொல்வதைவிட, மதிலின் மேல் நடக்கவிட்டு மூலைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒரு குழு ஐந்து என்றது, மற்றக் குழு ஆறு என்று அடம்பிடித்துத் திரும்பவும் நடந்தது. நூலகத்தில், அது 1981 இல் எரிக்கப்பட்டதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்வது என்பதை ஆசிரியர்கள் முன்கூட்டியே தங்களுக்குள் கதைத்துக்கொண்டு போனால் நல்லது. இல்லாவிட்டால் அங்கே வைத்து ஆளுக்கொரு விதமாகச் சொல்ல வரும்.

பிள்ளைகள் இன்றைக்கும் கதைப்பது நெடுந்தீவைப் பற்றித்தான். பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகு. கடலுக்குப் பக்கத்தில் வாழ்ந்தும் கடலில் போகாத பிள்ளைகள் எங்களிடம் நிறைய. அனுமதிக் கடிதம் வாங்கும்போதுதான் கடல் பயத்தின் வேறொரு முகம் தெரிந்தது. ஒரு பிள்ளையின் அம்மம்மா கையெழுத்துப் போட மறுத்தார். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் நடந்த படுகொலையில் அவருக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று ஆளை இழந்திருந்தது. அவரோடு நாங்கள் வாதாடவில்லை. வீட்டுக்குப் போய் இருந்து, அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்களும் வாங்கோ அம்மா" என்றோம். வந்தார். திரும்பி வரும்போது படகில் தேவாரம் பாடியது அவர்தான்.

நெடுந்தீவுக்குப் போக நினைக்கும் பாடசாலைகள் காலத்தைப் பார்க்க வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், மாரியில் மழை. மாசி, பங்குனி தோதான காலம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்தாம் தரப் பெற்றோர் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரைக்கும் பிள்ளையை ஓரிடமும் விடமாட்டார்கள், பரீட்சை முடியும்போது கடல் சரியில்லை. அதனால் நெடுந்தீவை நான்காம் தரத்திலேயே முடித்துவிட்டு, ஐந்தாம் தரத்துக்குப் பரீட்சை முடிந்தபின் தரை வழியாகப் போகும் இடமாக வைத்துக்கொள்கிறோம். படகில் ஏறும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதல்நாளே கேட்டு உறுதிப்படுத்துங்கள். குறைவாக இருந்தால் இரண்டு படகாகப் போங்கள், கரையில் நின்று பேரம் பேசாதீர்கள். தீவுக்குள் குதிரைகள், பெருக்க மரம் (பாவோபாப்), முருகைக்கல் வேலிகள் எல்லாம் தூரத் தூர இருப்பதால் வாகனத்தையும் முன்னரே பேசி வைக்க வேண்டும். வெயில் கடுமை, நிழல் குறைவு. குடிதண்ணீரை இங்கிருந்தே கொண்டு போங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. தேங்காய்ச் சம்பலும் சொதியும் மத்தியானம் வரைக்கும் தாங்காது, புளிச்சாதம் தாங்கும். வீட்டுக்கு வீடு வேறுவேறு சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தால் றோல்ஸும் கேக்கும் கொண்டுவந்த பிள்ளையைச் சுற்றி மற்றவர்கள் நிற்பார்கள். பள்ளிக்கூடத்திலேயே தாய்மார் கூடிச் சமைத்து எல்லாருக்கும் ஒரே பார்சல் கட்டினால் அந்தச் சங்கடம் இல்லை.

கடதாசி வேலையும் உண்டு. வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி இல்லாமல் புறப்பட முடியாது. பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், பெற்றோரின் சம்மதக் கடிதங்கள், கூடப்போகும் ஆசிரியர்கள், பயண வழி, வாகனத்தினதும் சாரதியினதும் பத்திரங்கள் எல்லாம் ஒரே கோப்பில் வேண்டும். அதை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். பஸ்காரர் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை "நாளைக்குத் தாறன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முற்பணம் கொடுக்கும் அன்றே அதைக் கையில் வாங்கிவிட வேண்டும்.

இனி மேடை. இங்குதான் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வாய்ப்பு இருக்கிறது. பெரிய பாடசாலைக் கலைவிழாவில் ஆயிரம் பிள்ளைகளில் அறுபது பேர் ஆடுவார்கள், மிச்சப்பேர் கதிரையில் இருப்பார்கள். எங்களிடம் எல்லாரும் ஏறாவிட்டால் நிகழ்ச்சியே நிரம்பாது. இல்ல விளையாட்டுப் போட்டியில் கொடி பிடித்த பிள்ளைதான் ஓட்டத்திலும் நிற்கும், அஞ்சலோட்டத்திலும் நிற்கும். வாணி விழாவில் ஒன்பது நாளும் வகுப்புக்கு வகுப்பு முறை வந்துகொண்டேயிருக்கும். அவல், கடலை, கற்கண்டு என்று பங்கிட்டுக் கொடுப்பதும் பிள்ளைகள்தான். நத்தார் ஒளி விழாவில் தேவதூதர் வேடம் போடுவதற்கு இது சைவப் பிள்ளை, இது கிறிஸ்தவப் பிள்ளை என்று பார்த்தால் ஆள் காணாது, ஆகவே யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் அந்த வாய்ப்பை நாங்களே கெடுத்துக்கொள்வதும் உண்டு. வெளியிலிருந்து நடன ஆசிரியரை அழைத்தால் அவர் நன்றாக ஆடும் ஐந்தாறு பிள்ளைகளைப் பொறுக்கி, வரவேற்பு நடனம், செம்பு நடனம், கோலாட்டம் எல்லாவற்றுக்கும் அவர்களையே போடுவார். பழக்குவது சுகம். அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கோ வாடகை உடுப்புச் செலவு மூன்று மடங்கு. எங்கள் விதி: ஒரு பிள்ளை இரண்டு நிகழ்ச்சிக்கு மேல் இல்லை, ஒன்றிலும் இல்லாத பிள்ளை இல்லை. முதல் வருடம் நடனத்தின் தரம் கொஞ்சம் இறங்கியது உண்மைதான். இறங்கட்டும், இது அரங்கேற்றம் இல்லையே.

ஊரிலே காத்தவராயன் கூத்து ஆடிய அண்ணாவியார் ஒருவர் இருந்தார். பிள்ளைகளுக்கு ஒரு சிறு பகுதியைப் பழக்கித் தரக் கேட்டபோது சம்மதித்தார். கூத்தென்றால் பாட்டுக்காரர், வேடக்காரர், தாளக்காரர் என்று எத்தனை பேரையும் உள்ளே இழுக்கலாம். பிற்பாட்டுக்கு ஒரு வகுப்பையே நிறுத்தலாம். உடுப்புக்கு அம்மாவின் சாறி போதும். பென் டிரைவில் பாட்டு ஓடாமல் நின்றுபோகும் ஆபத்தும் இல்லை. மின்சாரம் போனபோதும் எங்கள் விழாவில் நிற்காமல் நடந்தது அது ஒன்றுதான். உங்கள் ஊரில் அப்படி ஒரு முதியவர் இருந்தால் இந்த வருடமே கேளுங்கள், அடுத்த வருடத்துக்கு வைக்காதீர்கள்.

பிரதம விருந்தினர் என்ற விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவள். மூன்று மணிக்கு விழா என்று அழைப்பிதழில் இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு மணிக்கே முகத்தில் பூச்சுப் பூசி, ஜிமிக்கி கொழுவி இருத்திவிடுவோம். விருந்தினர் நாலரைக்கு வருவார். மாலை, விளக்கேற்றல், ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை. வாழ்த்துரையிலேயே மூன்று பேர். முதலாந்தரப் பிள்ளை மேடைக்கு வரும்போது பொட்டு வியர்வையில் வழிந்து மூக்குக்கு வந்திருக்கும். இதற்கு நாங்கள் கண்ட வழி: தேவாரமும் விளக்கும் முடிந்த கையோடு சின்ன வகுப்புகளின் நிகழ்ச்சி, உரைகள் நடுவில், அதுவும் இரண்டே உரை. விருந்தினராக ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரை அழைத்தால் அவர் நடந்தே இரண்டே முக்காலுக்கு வந்து சேர்வார். பெரிய ஆளை அழைத்தால்தான் பாடசாலைக்கு ஏதாவது கிடைக்கும் என்று அபிவிருத்திச் சங்கத்தில் சிலர் சொன்னார்கள். இதுவரை அழைத்தவர்களால் என்ன கிடைத்தது என்று அதிபர் திருப்பிக் கேட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

கடைசியாகப் பிரியாவிடை. பக்கத்து முன்பள்ளியில் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டுப் பட்டமளிப்பு நடத்துகிறார்கள். அதைப் பார்த்து எங்கள் ஐந்தாந்தரத் தாய்மாரும் கேட்டார்கள். பத்து வயதில் பட்டதாரி உடுப்பு எதற்கு என்பது என் எண்ணம். அங்கி தைக்கவும் வாடகைக்கு எடுக்கவும் ஆகும் செலவு வேறு. ஆனால் வீட்டில் யாருமே பல்கலைக்கழகம் போகாத ஒரு தாய், "எனக்கு ஒருக்கா அவனை அப்பிடிப் பாக்கவேணும்" என்றபோது என்னிடம் பதில் இல்லை. அங்கியை முன்பள்ளியிடமே இரவல் வாங்கினோம். அளவு சற்றுக் குட்டைதான், யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நாங்கள் எங்கள் பங்குக்குச் சேர்த்தது ஒரு வசனம். ஒவ்வொரு பிள்ளையும் மேடைக்கு வரும்போது, அந்தப் பிள்ளையைப் பற்றி வகுப்பாசிரியர் ஒரே ஒரு வசனம் வாசிப்பார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரன் என்று எழுதக்கூடாது. "மழை வந்தால் யாரும் சொல்லாமலே ஜன்னல் சாத்த ஓடுகிறவர்." "புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் நாளே தன் பக்கத்தில் இடம் கொடுத்தவர்." "கணக்குப் பிழைத்தால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்கிறவர், எத்தனை தரமென்றாலும்." இருநூறு பேர் விடைபெறும் இடத்தில் இது நடக்காது, இருபது பேருக்கு நடக்கும். எழுதுவது மட்டும் சுலபமில்லை. சில பிள்ளைகளைப் பற்றி உடனே எழுத வராது. அதனால் தவணை தொடக்கத்திலிருந்தே ஒரு கொப்பியில் குறித்துவைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகளைக் கௌரவிப்பதை அன்றைக்கு வைப்பதில்லை. அதைக் காலைப் பிரார்த்தனையில் தனியாகச் செய்கிறோம். சின்ன வகுப்பில் நாலு பேரை மேடையில் ஏற்றினால் மிச்சப் பதினாறு பேரும் யார் என்று முழு ஊருக்கும் தெரியும். பிரியாவிடை இருபது பேருக்கும் உரியது. சில பெற்றோருக்கு இதில் மனவருத்தம் உண்டு, அதிபரிடம் முறையிட்டவர்களும் உண்டு. அதிபர் இன்னும் மாற்றவில்லை.

படம் எடுப்பதற்கு ஒரே ஆள், வீட்டுக்கு ஒரு படம், விலை முன்பே பேசியது. தாய்மார் போனோடு மேடைக்கு ஏறுவதைத் தடுக்க முடியாது, ஆகவே முன்னால் ஒரு கோடு போட்டு, பிள்ளை விடைபெறும்போது அந்தக் கோட்டில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்கிறோம். எல்லாருக்கும் படம் கிடைக்கிறது, சண்டையும் இல்லை. விழாவோ சுற்றுலாவோ முடிந்த மூன்றாம் நாள் வரவு செலவுக் கணக்கு அறிவித்தல் பலகையில் தொங்கும். மிஞ்சிய காசு அடுத்த ஆண்டு உறைகளுக்குப் போகும்.

அடுத்ததாக மன்னார்ப் பக்கம் ஒரு யோசனை இருக்கிறது: திருக்கேதீச்சரம், பள்ளிமுனைப் பெருக்க மரம். நெடுந்தீவு மரத்தைப் பார்த்த பிள்ளைகள் எது பெரிது என்று அளக்க நூல் கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துப் பாடசாலை அதிபரோடு கதைத்தாயிற்று. அவர்களுக்கு வியாழன் சரி, எங்களுக்கு வெள்ளிதான் சரி. பஸ்காரர் இன்னும் காப்புறுதிப் பிரதி தரவில்லை.